ரிச்சி தெருவில் முதல் கேமிங் கணினி: நம் ஊர் விலையை வைத்து ஒரு வழிகாட்டி

கேம் விளையாடுவதற்கென்று முதல்முறையாகக் கணினி வாங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் யூடியூபில்தான் தொடங்குகிறார்கள். அங்கே பேசுகிறவர் டெக்சாஸிலோ லண்டனிலோ இருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அவர் சொல்லும் கிராபிக்ஸ் கார்டு (திரையில் கேமின் காட்சிகளை உருவாக்கும் பாகம்), சென்னையில் அவர் சொன்ன விலைக்குக் கிடைப்பதில்லை. அவர் ஒதுக்கித் தள்ளும் முந்தைய தலைமுறைப் புரொசசர் இங்கே நல்ல விலைக்குக் கிடைக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, அது அவர் ஊர்க் கணக்கு. ஆகவே நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: உலகத்திலேயே சிறந்தது எது என்று தேடாதீர்கள். உங்கள் கையிலுள்ள ரூபாய்க்கு, இந்த ஊரில், பில்லோடும் வாரண்டியோடும் எது கிடைக்கிறது என்று தேடுங்கள்.

சென்னையை, அதன் கணினிப் பாகங்களின் சந்தையான ரிச்சி தெருவை வைத்து எழுதுகிறேன். கோவை, மதுரை, திருச்சியில் வாங்குபவர்களுக்கும் முறை இதேதான், கடைகளின் எண்ணிக்கைதான் குறையும்.

முதலில் கேம், பிறகு கணினி

ஒரு தாளை எடுத்து, அடுத்த ஓராண்டில் நீங்கள் உண்மையாகவே விளையாடப்போகும் கேம்களை எழுதுங்கள். ஆசைப்படுவதையெல்லாம் எழுத வேண்டாம். வேலை, படிப்பு போக மீதமுள்ள நேரத்தில் எதைத் தொடுவீர்களோ அதை எழுதினால் போதும்.

அந்தப் பட்டியலில் வலோரன்ட், டோட்டா 2, ராக்கெட் லீக் மட்டும்தான் இருக்கின்றன என்றால் நல்ல செய்தி. மூன்றும் இலவசம், மூன்றும் பெரிய கணினி கேட்பதில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இலவசம்தான், ஆனால் முந்தைய பதிப்பைவிடக் கணினியிடம் கூடுதலாகவே எதிர்பார்க்கிறது. ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட் போன்றவை சாதாரண அலுவலக மடிக்கணினியிலேயே ஓடும். வெண்பா என்றொரு கேம் இருக்கிறது. டொரோன்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. எழுத்து அழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, விட்டுப்போன படிகளை நாமே கண்டுபிடித்து இட்லி ஊற்ற வேண்டும், பிரியாணிக்கு அடுக்க வேண்டும். 2024இல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் என்ற விருதைப் பெற்றது. ஒரே மாலையில் முடித்துவிடலாம். கேம் என்றாலே துப்பாக்கிதான் என்று நினைக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காட்ட இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. இதற்கும் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, எல்டன் ரிங் போன்றவை பட்டியலில் வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. அப்போதுதான் தனி கிராபிக்ஸ் கார்டைப் பற்றிய பேச்சே வர வேண்டும். வலோரன்ட் மட்டும் விளையாடுகிற பிள்ளைக்காக வீட்டார் கடன் வாங்கி விலையுயர்ந்த கார்டு வாங்கிக்கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணத்தில் பாதி, நல்ல மானிட்டருக்கும் நல்ல நாற்காலிக்கும் போயிருக்கலாம்.

வீட்டில் இருப்பதை முதலில் பாருங்கள்

புதிதாக வாங்குவதற்கு முன் வீட்டிலுள்ள கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். ரேம் எத்தனை ஜிபி, எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது, டிஸ்க் வேகமான எஸ்எஸ்டியா பழைய ஹார்ட் டிஸ்க்கா என்று அங்கேயே தெரியும்.

இரண்டு மாற்றங்கள் ஒரு பழைய கணினியை மறுபடியும் எழுப்பிவிடும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது ஒன்று. ஒரே ஸ்லாட்டில் 8 ஜிபி ரேம் இருந்தால், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி சேர்ப்பது மற்றொன்று. புரொசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, அது ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஒரு ரேம் இருக்கும்போது ஒரு பாதை, இரண்டு இருக்கும்போது இரண்டு பாதை. சில கேம்களில் இந்த ஒரு மாற்றத்தாலேயே திணறல் நின்று, ஆட்டம் சீராக ஓடத் தொடங்கும். கடைக்காரர்கள் இதை முதலில் சொல்வதில்லை. விற்பனை சிறியது என்பதால் இருக்கலாம்.

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய கணினிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பணம் போட வேண்டாம். பழைய கேம்களுக்கும் தட்டச்சுப் பழகவும் அப்படியே பயன்படுத்துங்கள்.

பிளேஸ்டேஷன் வாங்கலாமா?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. கேம் விளையாடுவதற்கென்றே டிவியில் இணைக்கும் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்கு வந்தது. 2022 நவம்பரில் விலை 54,990 ஆனது. டிஸ்க் போடும் வசதியில்லாத டிஜிட்டல் பதிப்பு 39,990இலிருந்து 44,990க்கு ஏறியது. கணினியோ தொலைபேசியோ ஆண்டாக ஆண்டாக விலை குறையும் என்று நாம் பழகியிருக்கிறோம். கேமிங் பொருள்களுக்கு அந்த வழக்கம் இப்போது பொருந்துவதில்லை.

கன்சோலின் உண்மையான செலவு கேம்களில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் புதிய கேம் ஒன்று 4,000 முதல் 5,000 ரூபாய் வரை, சில அதற்கும் மேலே. ஆண்டுக்கு நான்கு வாங்கினால் அதுவே ஒரு நடுத்தர கிராபிக்ஸ் கார்டின் விலையில் பெரும்பகுதி. ஆனால் டிஸ்க் பதிப்பு வைத்திருந்தால் விளையாடி முடித்த டிஸ்க்கை விற்கலாம், பிறர் முடித்ததைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். நம் ஊரில் இந்தக் கைமாற்று நன்றாகவே நடக்கிறது. அதனால் கன்சோல்தான் என்று முடிவெடுத்தால், 10,000 ரூபாய் கூடுதலாகப் போனாலும் டிஸ்க் பதிப்பையே வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. டிஜிட்டல் பதிப்பில் வாங்கிய கேமை நீங்கள் யாருக்கும் விற்க முடியாது.

படிப்பு, வேலை, வீடியோ எடிட்டிங், நிரலெழுதுதல் எல்லாவற்றுக்கும் ஒரே கருவி வேண்டும் என்பவர்களுக்குக் கணினிதான். இனி வருவது அவர்களுக்கு.

நியாய விலையைக் கண்டுபிடிக்கும் கணக்கு

கடைக்குப் போகும் முன் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டு, புரொசசர் ஆகியவற்றின் அறிமுக விலை டாலரில் அறிவிக்கப்படுகிறது. அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. நமக்கு இங்கே 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஆகவே டாலர் விலையை அன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்கி, அதோடு 18 சதவீதம் சேர்க்க வேண்டும்.

இன்டெல் ஆர்க் பி580 என்ற கார்டு 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்தது. ரூபாயின் மதிப்பு 2025 டிசம்பரில் டாலருக்கு 90ஐத் தாண்டியது. 249ஐ 90ஆல் பெருக்கினால் 22,410. அதில் 18 சதவீதம் 4,034. மொத்தம் ஏறத்தாழ 26,450 ரூபாய். சரக்குக் கட்டணம், விநியோகஸ்தரின் பங்கு, கடைக்காரரின் லாபம் என்று அதற்கு மேல் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை போனால் நியாயம் என்று நான் எடுத்துக்கொள்வேன். 35,000 என்று சொன்னால் அந்தக் கடையிலிருந்து வெளியே வாருங்கள். 20,000 என்று சொன்னால் அதைவிட வேகமாக வெளியே வாருங்கள், ஏனென்றால் அந்த விலைக்குப் புதிய கார்டை வாரண்டியோடு விற்க வழியில்லை.

எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ரேம் விலை பங்குச் சந்தையைப் போல ஏறி இறங்கும். 2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக உயர்ந்தது. மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில், குரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு நேரடியாக ரேமும் எஸ்எஸ்டியும் விற்கும் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது. ஆறு மாதத்துக்கு முன் யாரோ எழுதிவைத்த '60,000 ரூபாய்க்குள் கணினி' பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் அவமானப்பட்டுத் திரும்ப நேரும். பாகங்களின் விலையைக் கடைக்குப் போகும் அந்த வாரத்தில் பாருங்கள்.

பாகங்களைத் தேர்ந்தெடுப்பது

தனி கிராபிக்ஸ் கார்டு போடும் கணினியில், மானிட்டரை விட்டுவிட்டுப் பார்த்தால், மொத்தப் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வரை கார்டுக்குப் போகலாம். மீதியில்தான் மற்றவை. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புரொசசர் பெயரில் 7 அல்லது 9 என்ற எண் இருந்தால்தான் கேம் ஓடும் என்று நம்பி அங்கே கொட்டிவிட்டு, கார்டுக்குப் பணமில்லாமல் நிற்கிறார்கள். ரைசன் 5 5600, ஐ5 12400எஃப் போன்ற ஆறு கோர் புரொசசர்கள் நடுத்தரக் கார்டுகளுக்குப் போதும். இவை புதியவை அல்ல, அதனால்தான் நல்ல விலை.

இன்டெல் புரொசசரின் பெயருக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். தனிக் கார்டு இல்லாமல் அதை வாங்கினால் திரையில் எதுவும் வராது. கார்டை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டமிடுபவர்கள் எஃப் இல்லாததையோ, ரைசன் 5 5600ஜி அல்லது 8600ஜி போன்றவற்றையோ பார்க்க வேண்டும். 8600ஜிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் நல்ல திறனுடையது. இரண்டு ரேம் போட்டுவிட்டால் ஜிடிஏ 5 போன்ற பழைய பெரிய கேம்களைத் தாராளமாக விளையாடலாம். முதல் ஆண்டு இப்படி ஓட்டிவிட்டு, சம்பளம் வந்தபின் கார்டு போடுவதை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

கார்டுகளில், 1080பி (1920×1080 புள்ளிகள் கொண்ட) மானிட்டருக்கு ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 7600, ஆர்க் பி580 என்ற வரிசையே போதும். முதல் இரண்டிலும் நினைவகம் 8 ஜிபி, பி580இல் 12 ஜிபி. புதிய கேம்கள் 8 ஜிபியைச் சட்டென்று நிரப்பிவிடுவதால், ஐந்தாண்டு வைத்திருக்கப்போகிறவர்கள் 12 ஜிபி பக்கம் சாயலாம். ஆனால் பி580 பழைய மதர்போர்டோடு ஒத்துப்போகாது. ரீசைசபிள் பார் என்ற அமைப்பு பயாஸில் (கணினியை இயக்கியதும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருளில்) இருந்தால்தான் அதன் முழுத்திறன் கிடைக்கும். பழைய கணினியில் செருகுவதற்கென்றால் அதை வாங்காதீர்கள்.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது கணினியின் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகமாக ஏமாற்றப்படுவது இங்கேதான். கடைக்காரர் ஒரு தாளில் வரிசையாக எழுதுவார்: புரொசசர் முழுப் பெயரோடு, மதர்போர்டு முழுப் பெயரோடு, கார்டு முழுப் பெயரோடு. எஸ்எம்பிஎஸ் வரும்போது '450 வாட்' என்று மட்டும் எழுதுவார். எந்த நிறுவனம், எந்த மாடல் என்று இருக்காது. கேட்டால், "எல்லாம் ஒன்றுதான் தம்பி, இது ஆயிரம் ரூபாய் குறைவு" என்று பதில் வரும். ஒன்றல்ல. பெயரில்லாத எஸ்எம்பிஎஸ் பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டைத் தொடர்ச்சியாகத் தருவதில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது தன்னைத்தானே துண்டித்துக்கொள்வதும் இல்லை. அது போகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். கையில் எடுத்துப் பார்த்தாலே பல நேரம் வேறுபாடு தெரியும். தரமானது கனமாக இருக்கும். எடை மட்டும் சான்றாகாது. 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையும், பெயருள்ள நிறுவனத்தின் மூன்றாண்டுக்குக் குறையாத வாரண்டியும் இருக்க வேண்டும். அந்த முத்திரை மின்சாரத்தை வீணாக்காமல் பயன்படுத்துவதற்கான சான்றுதான், பாதுகாப்புக்கானது அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே சொன்ன கார்டுகளுக்கு 550 வாட் தாராளம்.

கேபினெட் வாங்கும்போது முன்பக்கம் கண்ணாடியாக இருக்கிறதா, சல்லடையாக இருக்கிறதா என்று பாருங்கள். மே மாதச் சென்னையில், குளிர்சாதனம் இல்லாத அறையில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஃபேன்கள் காற்றுக்கு ஏங்கும். சல்லடை முன்பக்கமும் இரண்டு மூன்று ஃபேன்களும் உள்ள சாதாரணக் கேபினெட் போதும். வண்ண விளக்குகள் உங்கள் விருப்பம்.

எஸ்எஸ்டி 1 டிபி வாங்குங்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மட்டுமே 150 ஜிபி இடம் கேட்கிறது.

மடிக்கணினிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. ஆர்டிஎக்ஸ் 4050 என்ற பெயர் இரண்டு மடிக்கணினிகளில் இருந்தாலும், அதற்கு எத்தனை வாட் தருகிறார்கள் என்பதைப் பொறுத்து வேகம் பெரிதும் மாறும். விவரக்குறிப்பில் அந்த வாட் எண்ணைத் தேடுங்கள். எழுதவில்லையென்றால் குறைவாக இருக்கும் என்றே கொள்ளுங்கள்.

ரிச்சி தெருவில்

அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கிறது ரிச்சி தெரு. பக்கத்திலுள்ள நரசிங்கபுரம் தெருவையும் சேர்த்துத்தான் எல்லோரும் அப்படி அழைக்கிறார்கள். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். வண்டியை எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதிப் பொறுமை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை கூட்டம். வேலை நாளில் முற்பகல் போனால் கடைக்காரர் உங்களிடம் நின்று பேசுவார்.

முதல்முறை போகும்போது பணம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பாகங்களின் முழு மாடல் பெயரோடு ஒரு பட்டியல் எடுத்துப்போய், மூன்று நான்கு கடைகளில் கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள். "ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சேர்க்காத விலையைச் சொல்லி உங்களை உட்காரவைத்துவிட்டு, பில் போடும்போது 18 சதவீதம் ஏற்றுவது அங்கே புதிதல்ல. பிறகு வீட்டுக்கு வந்து, இணையக் கடைகளின் விலையோடு ஒவ்வொரு பாகமாக ஒப்பிடுங்கள். மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். புரொசசரில் ஐந்நூறு குறைத்துவிட்டு மதர்போர்டில் ஆயிரத்து ஐந்நூறு ஏற்றியிருப்பார்கள்.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்ற பேச்சு எந்தக் கடையில் வந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெட்டியில் அடைத்து வரும் ஏஎம்டி, இன்டெல் புரொசசர்களுக்கு மூன்றாண்டு வாரண்டி உண்டு. கார்டுக்கும் பெரும்பாலும் மூன்றாண்டு. அந்த வாரண்டியைக் கேட்டுச் சேவை மையத்துக்குப் போகும்போது முதலில் கேட்பது பில்லைத்தான். பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும்: மொத்தம் 15 எழுத்துகளும் எண்களும், தமிழ்நாட்டுக் கடையென்றால் 33 என்று தொடங்கும். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதித்தரச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணும் பொருளில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். இதற்கு முகம் சுளிக்கிற கடை, நாளைக்குப் பழுது என்று போய் நின்றால் இன்னும் அதிகமாகச் சுளிக்கும்.

அசெம்பிள் செய்வதை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். கூலி கொடுப்பதில் தவறில்லை, அது திறமைக்கான கூலி. இரண்டு ரேமும் மதர்போர்டு கையேட்டில் சொன்ன ஸ்லாட்டுகளில்தான் இருக்கின்றனவா, பயாஸில் ரேமின் முழு வேகம் இயக்கப்பட்டிருக்கிறதா, மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மதர்போர்டில் கேபிளைச் செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று மாதக்கணக்கில் புலம்புபவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

காலிப் பெட்டிகளைத் தூக்கி எறியாதீர்கள். சிக்கல் வந்து கடைக்காரரும் நிறுவனமும் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் கொடுக்கவும் பில் வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு

பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இது நல்ல வழிதான், ஆனால் ஆபத்தும் உண்டு. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓயாமல் கணக்குப் போடவைத்து நாணயம் ஈட்டும் மைனிங் முறையை 2022 செப்டம்பர் 15 அன்று கைவிட்டது. அதுவரை இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் பழைய பொருள் சந்தைக்குக் கொத்துக் கொத்தாக வந்தன. ஆர்எக்ஸ் 580 என்ற கார்டு அவற்றில் பிரபலமானது. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டு கெட்டுவிடாது. ஃபேன் தேய்ந்திருக்கும், வெப்பப் பசை காய்ந்திருக்கும். அதற்கேற்ற விலையில் கிடைத்தால் வாங்கலாம்.

போலிகள்தான் பெரிய தொல்லை. பத்து ஆண்டுக்கு முந்தைய சில்லின் பயாஸை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விண்டோஸையே நம்பவைக்கும் கார்டுகள் சந்தையில் உலவுகின்றன. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். பல போலிகளை அது கண்டுபிடித்து, கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்று காட்டிவிடும். அதன் பிறகு ஏதாவதொரு கேமையோ சோதனை மென்பொருளையோ இருபது நிமிடம் ஓடவிட்டு, வெப்பம் எங்கே போய் நிற்கிறது, திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகின்றனவா, ஃபேனில் உரசல் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஓட்டிக்காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். முன்பணத்தை யுபிஐயில் அனுப்பு, பார்சலில் அனுப்புகிறேன் என்பவரிடம் பேசவே வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி இரண்டையும் எவ்வளவு மலிவாக வந்தாலும் பழையதாக வாங்காதீர்கள்.

வீட்டில்: யுபிஎஸ், மின்கட்டணம், இணையம்

மேலே சொன்னது போன்ற கணினி மானிட்டரோடு சேர்த்து, கேம் ஓடும்போது ஏறத்தாழ 300 வாட் இழுக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். விளிம்பில் ஓட்டாமல் 1000 விஏ வாங்குங்கள். யுபிஎஸ் இருப்பது தொடர்ந்து விளையாட அல்ல. மின்சாரம் போனதும் கேமைச் சேமித்து ஒழுங்காக அணைக்க ஐந்து பத்து நிமிடம் கிடைத்தால் போதும்.

மின்கட்டணத்தையும் கணக்கில் எடுங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். நம் மின்கட்டணம் இரண்டு மாதப் பயன்பாட்டின்படி படிப்படியாக ஏறுவது. உங்கள் வீடு ஏற்கெனவே ஒரு படியின் விளிம்பில் இருந்தால், இந்த 72 யூனிட்டும் மேல்படியின் விலையில் விழும். கோடையில் ஏசியும் கேமும் சேர்ந்து ஓடுகிற வீட்டில் பெற்றோர் கேள்வி கேட்பது நியாயமே. கணினி வாங்கும் முன்பே பழைய ரசீதுகளை எடுத்து அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். பிறகு வாக்குவாதம் வராது.

இணையத்தில் 40 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 5 மெகாபைட். 150 ஜிபி கேமை அதில் இறக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு தொடங்கிவிட்டுத் தூங்கலாம். ஆன்லைனில் பிறரோடு விளையாடுவதற்கு இந்த வேகத்தைவிடப் பிங் எனப்படும் தாமதம் குறைவாக இருப்பதே முக்கியம். கவுன்டர் ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு மும்பையிலும் சென்னையிலும் சர்வர்கள் இருப்பதால், தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் வசதி. முடிந்தவரை வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளில் இணையுங்கள். முன்னூறு ரூபாய்க்குள் ஆகிற இந்தக் கேபிளைப் போல் பயன் தரும் பொருள் வேறில்லை.

விண்டோஸும் கேம்களும்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. புதிய கணினியில் விண்டோஸ் 11 போடுங்கள். வலோரன்ட் விளையாடுபவர்கள் பயாஸில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் இயக்க வேண்டும், இல்லாவிட்டால் கேம் திறக்காது. கடைக்காரர் இலவசமாகப் போட்டுத்தரும் திருட்டு விண்டோஸில் உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டிவரும் என்பதை நினைத்துப் பாருங்கள். பணமில்லையென்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் இருக்கிறது. வால்வ் 2018இல் வெளியிட்ட புரோட்டான் மென்பொருளால், தனியாக விளையாடும் விண்டோஸ் கேம்களில் மிகப் பல இன்று லினக்ஸில் ஓடுகின்றன. வலோரன்டும் ஃபோர்ட்நைட்டும் ஓடாது.

கேம்களுக்குத் திருட்டுப் பதிப்பைத் தேட இப்போது காரணமே இல்லை என்பது என் நம்பிக்கை. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 2015 நவம்பரிலிருந்தே ரூபாயில் விற்கிறது, யுபிஐயிலும் பணம் செலுத்தலாம். ஸ்டார்டியூ வேலி ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு குடும்பம் ஒருமுறை திரையரங்குக்குப் போய்வரும் செலவைவிடக் குறைவு, நூற்றுக்கணக்கான மணி நேரம் விளையாடலாம். எபிக் கடையில் வாரந்தோறும் ஏதாவதொரு கேமை இலவசமாகத் தருகிறார்கள். 2020 மே மாதம் ஜிடிஏ 5ஐயே அப்படிக் கொடுத்தார்கள். கணினி வாங்கும் முன்பே கணக்குத் தொடங்கி, இலவசமாக வருவதைச் சேர்த்துவையுங்கள். கணினி வரும்போது விளையாட ஒரு தொகுப்பு இருக்கும்.

பெரிய கேம்களை வெளியாகும் நாளில் வாங்காதீர்கள். ஸ்டீமில் ஜூன் இறுதியிலும் டிசம்பர் இறுதியிலும் பெரிய தள்ளுபடி வருகிறது. வெளியாகி ஓராண்டு இரண்டாண்டு கடந்த கேம்கள் அப்போது பாதி விலைக்கும் அதற்குக் கீழும் இறங்கும். அதற்குள் பிழைகளும் திருத்தப்பட்டிருக்கும். வேண்டியதை விஷ்லிஸ்டில் போட்டுவைத்தால் விலை குறையும்போது மின்னஞ்சல் வரும்.

வாங்கிய கேம் உங்கள் கணினியில் ஓடவில்லை என்றாலோ, பிடிக்கவில்லை என்றாலோ, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். ஆகவே புதிய கேமை நிறுவியதும் கதைக்குள் போகாமல், முதல் அரை மணி நேரத்தைக் கிராபிக்ஸ் அமைப்புகளை மாற்றிப் பார்ப்பதற்கும், கூட்டமான காட்சியொன்றில் ஆட்டம் திணறுகிறதா என்று கவனிப்பதற்கும் ஒதுக்குங்கள். திணறினால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.